கடைக்கு எழுத விஷயம் எங்கே கிடைக்கும்: கூகுளிலா, கல்லாவிலா, செக்கடியிலா?

ஈரோட்டுப் பக்கம் என் மாமா மரச்செக்கு எண்ணெய்க்கடை வைத்திருக்கிறார். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் அங்கேயே ஆட்டி அங்கேயே விற்பனை. கடையின் பெயரில் வாரம் ஒரு கட்டுரை எழுதுவது என் பொறுப்பு. அது வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களுக்குப் போகும், கடையின் தளத்திலும் ஏறும்.

முதல் இரண்டு மாதம் ஒரு கஷ்டமும் இல்லை. செக்கு எண்ணெய் என்றால் என்ன, ரீஃபைண்டு எண்ணெய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம், மாமா இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தார் என்று எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. ஒன்பதாவது வாரம் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது போல ஒரு வெறுமை.

தையற்கடை, நர்சரி, பலகாரக்கடை, எலக்ட்ரிக்கல் கடை, எந்தத் தொழிலாக இருந்தாலும் இந்த இடம் வரும். முதல் ஏழெட்டுக் கட்டுரை தானாக வந்துவிடும், அதற்கப்புறம் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கே தேடுவது என்பதில்தான் பலரும் தடுமாறிப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒன்றரை வருஷத்தில் நான் ஆறு இடங்களில் தேடிப் பார்த்திருக்கிறேன். எதற்கு எவ்வளவு நேரம் போகிறது, கிடைப்பது யாருக்காவது வேண்டியதாக இருக்கிறதா, அதை எங்கள் கடையைத் தவிர வேறு யாரும் எழுதிவிட முடியுமா என்ற மூன்றையும் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் எடை போடுகிறேன். மூன்றாவது கேள்விக்கு நான் கொடுக்கும் எடை அதிகம். கடைக்காரருக்கு எழுதக் கிடைப்பதே வாரத்தில் இரண்டு மணி நேரம். அதை ஊரே எழுதும் விஷயத்துக்குச் செலவழிப்பது வீண் என்பது என் எண்ணம்.

பக்கத்துக் கடை என்ன எழுதுகிறது?

எல்லோரும் முதலில் போவது இங்கேதான், நானும் போனேன். இதே தொழிலில் இருக்கும் மற்றவர்களின் தளங்களைத் திறந்து அவர்கள் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று பட்டியல் எடுப்பது. அரை மணி நேரத்தில் முப்பது தலைப்பு கிடைத்துவிடும். ஆனால் அந்த முப்பதில் இருபது ‘நல்லெண்ணெயின் பத்து நன்மைகள்’ மாதிரிதான் இருக்கும். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து மூன்றாமவர் என்று ஒரே பத்து நன்மை ஊரெல்லாம் சுற்றுகிறது.

அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, உணவுப் பொருள் விற்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சர்க்கரை நோய் குணமாகும், மூட்டு வலி போய்விடும் என்று கடையின் பெயரில் எழுதினால் அது விளம்பரம்தான். நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று உணவுப் பொருளுக்குச் சொல்லக்கூடாது என்று 2018 இல் வந்த உணவு விளம்பர ஒழுங்குமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53 ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அடுத்தவர் எழுதியிருக்கிறாரே என்று நாமும் எழுதிவிட்டால் அபராதத்தை அவர் வந்து கட்டமாட்டார். எங்கள் முதல் மாதக் கட்டுரை ஒன்றிலேயே அப்படி இரண்டு வரி இருந்தது. இந்த விதி தெரிந்த அன்றே எடுத்துவிட்டேன்.

இருந்தாலும் மற்ற கடைகளைப் பார்ப்பதில் ஒரு நல்ல வழி உண்டு. அவர்கள் எழுதியதை விட்டுவிட்டு, அவர்களுடைய வாடிக்கையாளர்கள் கூகுள் மேப்பில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். அதிலும் ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்கள் சொல்வதை. ‘கேன் வழியில் ஒழுகிவிட்டது’, ‘போன தடவை இருந்த வாசனை இந்தத் தடவை இல்லை’, ‘அடியில் ஏதோ கசடு நிற்கிறது’. இவை அந்த ஒரு கடையின் குறைகள் மட்டும் இல்லை, இந்தத் தொழிலின் மேலேயே ஜனங்களுக்கு இருக்கும் சந்தேகங்கள். நாங்கள் கேனை எப்படி மூடுகிறோம், மூடிக்குள் என்ன வைக்கிறோம் என்று படத்தோடு எழுதிய கட்டுரை அப்படிப் பிறந்ததுதான். அதைப் படித்துவிட்டு வெளியூரில் இருந்து ஒருவர் முதல் முறையாக ஐந்து லிட்டர் கேட்டார்.

ஏஐ-யிடம் கேட்டால்?

நேரம் என்று பார்த்தால் இதை மிஞ்ச ஆள் இல்லை. எண்ணெய்க்கடைக்கு ஐம்பது தலைப்பு கொடு என்றால் ஒரு நிமிஷத்தில் கொடுத்துவிடும். அந்த ஐம்பதும் எண்ணெய் விற்கும் எல்லோருக்கும் பொருந்தும் என்பதுதான் சிக்கல். எங்கள் செக்கில் என்ன நடக்கிறது, போன வாரம் யார் என்ன கேட்டார் என்று அதற்குத் தெரியாது. அப்புறம் தெரியாததையும் தெரிந்தது போலவே சொல்லும். ஒருமுறை தேங்காய் எண்ணெய் கெட்டே போகாது என்று எழுதிக் கொடுத்தது. ஈரக் கொப்பரையில் ஆட்டிய எண்ணெய் எவ்வளவு சீக்கிரம் காறல் வாடை அடிக்கும் என்பது செக்கு வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். அந்த வரி எங்கள் பெயரில் போயிருந்தால் மாமா அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

தலைப்பு தேட நான் அதை வைத்துக்கொள்வதில்லை. நான் சேர்த்து வைத்த கேள்விகளை அதனிடம் கொடுத்து, ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக அடுக்கச் சொல்வேன். அந்த வேலையை நன்றாகச் செய்கிறது.

தேடல் பெட்டி

கூகுளில் பாதி வார்த்தை தட்டும்போதே மீதியை அதுவே நீட்டும் இல்லையா, அது ஜனங்கள் நிஜமாகத் தேடியதில் இருந்து வருவது. ‘நல்லெண்ணெய்’ என்று தட்டி ஒரு இடைவெளி விட்டு அ, ஆ, க, ச என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பார்த்தால் புதிது புதிதாக நீளும். தமிழில் தட்டினால் ஒரு பட்டியல், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினால் இன்னொன்று, ஆங்கிலப் பெயரைத் தட்டினால் மூன்றாவது. மூன்றையும் பார்க்க வேண்டும். ஊரில் இருக்கும் பாட்டி தேடுவது ஒரு விதம், பெங்களூரில் வேலை பார்க்கும் பேத்தி தேடுவது வேறு விதம்.

இங்கே ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. பாதிப் பேர் ‘எண்ணை’ என்றுதான் தட்டுகிறார்கள். எள்ளின் நெய்தான் எண்ணெய் ஆனது, ஆகவே ‘எண்ணெய்’தான் சரி. தலைப்பில் நான் சரியானதைத்தான் போடுவேன். ஆனால் கட்டுரைக்குள் ஒரு இடத்தில் ‘எண்ணை என்று எழுதுவோம், எண்ணெய் என்பதே சரி’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அம்மாக்கள் அந்த வரியைப் படித்துவிட்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு சொல்லை எந்தக் காலத்தில் அதிகம் தேடினார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் 2006 இல் இருந்து இருக்கிறது, இலவசம். அதில் வரும் 0 முதல் 100 வரையான மதிப்பை எத்தனை பேர் தேடினார்கள் என்ற கணக்காக நிறையப் பேர் எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படி இல்லை. நீங்கள் பார்க்கும் காலத்துக்குள் அந்தச் சொல்லை அதிகம் தேடிய சமயத்துக்கு 100 வைத்து மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். எந்த மாதத்தில் தேடல் ஏறுகிறது என்று பார்க்க நல்ல கருவி. ஆனால் எங்கள் தொழிலின் தமிழ்ச் சொற்களைப் போட்டால் போதிய தரவு இல்லை என்று பல தடவை கையை விரித்துவிடும். கீவேர்டு பிளானர் என்று கூகுள் விளம்பரக் கணக்கோடு வரும் இன்னொரு கருவியும் உண்டு. விளம்பரத்துக்குப் பணம் போடாதவர்களுக்கு அது ஒரு சொல்லை மாதம் எத்தனை தடவை தேடுகிறார்கள் என்பதை நூறிலிருந்து ஆயிரம் வரை என்று பெரிய வீச்சாகத்தான் காட்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

தளம் ஓடி ஆறு மாதமாவது ஆகியிருந்தால், தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் கொடுக்கும் சர்ச் கன்சோலைத் திறந்து பாருங்கள். இந்த வகையில் எனக்குப் பிடித்தது அதுதான். உங்கள் தளம் யார் தேடியபோதெல்லாம் கண்ணில் பட்டது, அவர்கள் என்ன வார்த்தை தட்டினார்கள், உள்ளே வந்தார்களா என்பதை 16 மாதம் வரை பின்னோக்கிக் காட்டும். அதில் ‘நல்லெண்ணெய் கசப்பு’ என்று தேடியவர்களுக்கு எங்கள் தளம் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டிருந்தது, ஒருவரும் உள்ளே வரவில்லை. வராமல் போனது நியாயம்தான், கசப்பைப் பற்றி நாங்கள் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. பழைய எள்ளா, எள்ளோடு சேர்த்து ஆட்டும் கருப்பட்டி குறைந்துவிட்டதா, எள் தோலின் இயல்பான கசப்பா என்று மூன்றையும் பிரித்துச் சொல்லி அந்த வாரமே எழுதினேன்.

தேடல் பெட்டியின் பலம், இன்னும் நம் கடைக்கு வராதவர் மனதில் என்ன இருக்கிறது என்று காட்டுவது. பலவீனம், அதே பெட்டியை எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது. அது வார்த்தையைக் கொடுக்கும். கேட்டவர் எதற்காகக் கேட்டார், எந்தக் கவலையில் கேட்டார் என்று கொடுக்காது.

நாள்காட்டி

தீபாவளி, கார்த்திகை தீபம், பொங்கல், ஆடிப்பெருக்கு. விஷயம் கிடைக்காத வாரத்தில் நாள்காட்டியைப் புரட்டாத ஆள் இல்லை. ஆனால் பண்டிகை அன்று வாழ்த்தோடு வரும் கட்டுரையை யார் படிக்கப் போகிறார்கள்? அன்றைக்கு எல்லாக் கடையும் வாழ்த்து அனுப்பும். முறுக்கு சுட எண்ணெய் வாங்குவது தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால். அதற்கும் ஒரு வாரம் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

பண்டிகை நாள்காட்டியைவிடத் தொழிலின் நாள்காட்டி எங்களுக்கு அதிகம் உதவியது. சித்திரை, வைகாசியில் மாங்காய் ஊறுகாய் போடும்போது நல்லெண்ணெய் கேட்டு வருவார்கள். மாசிப்பட்டத்து எள் அறுவடையாகிச் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரத்து கூடும்போது மாமா எள் பார்க்கப் போவார். ஆடிப்பட்டத்துக் கடலை நூறு, நூற்றுப்பத்து நாளில் பிடுங்கி வந்து சேரும். கொப்பரைக்கு அவல்பூந்துறை. இந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கட்டுரை இருக்கிறது, வேறு ஊர்க்காரர் அதை எழுத முடியாது.

மார்கழி வந்தால் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும். வருஷா வருஷம் யாராவது ஒருவர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ‘மெழுகு கலந்திருக்குதுங்க’ என்று வந்து நிற்பார். சுமார் 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தேங்காய் எண்ணெய் உறைவது அதன் குணம். இதைக் கார்த்திகைக் கடைசியிலேயே எழுதி அனுப்பினோம். கூடவே, உறைவதை மட்டும் வைத்துச் சுத்தமான எண்ணெய் என்று முடிவு கட்டிவிட முடியாது, உறையக்கூடிய வேறு எண்ணெய்களும் உண்டு என்பதையும் எழுதினோம். அது எங்களுக்குச் சாதகமான வரி இல்லை. ஆனால் உண்மை, அதனால் எழுத வேண்டியிருந்தது. அந்த மார்கழியில் ஒரே ஒருவர்தான் பாட்டிலோடு வந்தார், அவரும் வாட்ஸ்அப் இல்லாதவர்.

நாள்காட்டியைத் தலைப்பு தேடும் இடமாக நான் இப்போது பார்ப்பதில்லை. கையில் இருக்கும் தலைப்பை எந்த வாரம் விடுவது என்று அது சொல்கிறது.

கல்லாப் பக்கத்து நோட்டு

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா பாதி தீர்ந்த கடலை எண்ணெய் பாட்டிலோடு வந்தார். முகத்தில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் தெரிந்தது.

“ஏனுங்க, வடை போட்டா எண்ணெய் நுரை கட்டிட்டுப் பொங்குதுங்க. அடுப்பெல்லாம் வழிஞ்சு போச்சு. என்ன கலந்தீங்க இதுல?”

மாமா பதறவில்லை. “ஒண்ணும் கலக்கலீங்க அக்கா. ரீஃபைண்டு எண்ணெயில எடுத்துடற பிசினெல்லாம் இதுல அப்படியே இருக்குதுங்க. அதான் மொத காச்சல்ல நுரைக்குது. அடுத்த தடவை கொட்டைப்பாக்கு அளவு புளியைப் போட்டுக் காச்சிப் பாருங்க, அடங்கிப்போகும். சட்டியையும் பாதிக்கு மேல ரொப்பாதீங்க.”

அந்த அம்மா யோசித்தார். “எங்க அம்மாவும் புளி போடுவாங்க. எதுக்குன்னு நான் கேட்டதே இல்லீங்க” என்றார். அன்றைக்கே இன்னொரு லிட்டர் வாங்கிக்கொண்டு போனார்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தும் எனக்கு அதுவரை உறைக்கவில்லை. எட்டு வாரம் கட்டுரை எழுதிவிட்டு விஷயம் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். மாமாவோ இருபது வருஷமாக நாளுக்குப் பத்துத் தடவை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பதில்கள் எங்கேயும் எழுதப்படாமல் காற்றோடு போய்க்கொண்டிருந்தன.

அன்று ராத்திரியே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கயிறு கட்டிப் பேனாவோடு கல்லாப் பக்கத்தில் தொங்கவிட்டேன். மாமா, அத்தை, பாட்டில் நிரப்பும் பையன் மூன்று பேருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள்: யார் என்ன கேட்டாலும் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். இது முக்கியம். ‘எண்ணெய் நுரைத்தல் தொடர்பான சந்தேகம்’ என்று எழுதிவைத்தால் அதில் உயிர் இருக்காது. ‘அடுப்பெல்லாம் வழிஞ்சு போச்சு’ என்று எழுதினால் கட்டுரையின் முதல் வரி அங்கேயே கிடைத்துவிடும். ஒரே கேள்வி மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு. ஐந்து கோடு சேர்ந்துவிட்டால் அடுத்த வாரம் அதுதான்.

முதல் வாரம் மூன்று கேள்விதான் இருந்தது. கூட்டத்தில் எங்கே எழுதுவது என்று மாமாவுக்குச் சலிப்பு. அத்தைதான் பழக்கத்தைப் பிடித்தார். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் அன்றைக்கு நினைவில் நிற்பதை எழுதிவிடுவார். இரண்டு மாதத்தில் நோட்டு நிறைந்தது. அடியில் நிற்கும் மண்டியை என்ன செய்வது, பிளாஸ்டிக் கேனில் எத்தனை நாள் வைக்கலாம், குழந்தைக்குத் தேய்க்க எந்த எண்ணெய், போன மாதத்தைவிட நிறம் ஏன் கருத்திருக்கிறது. பலவற்றைக் கேட்டவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருப்பார்கள். அதே தயக்கத்தால் கேட்காமலே போனவர்கள் இன்னும் எத்தனை பேரோ.

எல்லாவற்றையும்விட அதிகக் கோடு விழுந்த கேள்வி, “ரீஃபைண்டைவிட ஏனுங்க இவ்வளவு விலை?” இதை எழுதலாம் என்றபோது மாமா தயங்கினார். விலையைப் பற்றிப் பேசினால் வருகிறவரும் போய்விடுவார் என்பது அவர் பயம். அப்போது நான் அவருக்கு அமெரிக்காவில் வர்ஜீனியாவில் நீச்சல் குளம் அமைத்துக் கொடுத்துவந்த மார்க்கஸ் ஷெரிடன் என்பவரின் கதையைச் சொன்னேன். 2008 பொருளாதாரச் சரிவில் அவர் தொழில் மூழ்கும் நிலைக்கு வந்தது. 2009 இல் அவர் உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் தன்னிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் தளத்தில் பதில் எழுத ஆரம்பித்தார். ஃபைபர் கிளாஸ் குளத்துக்கு எவ்வளவு செலவாகும், அதில் என்னென்ன குறைகள் வரும் என்பதைக்கூட அவரே எழுதினார். அந்தத் தொழிலில் மற்றவர்கள் விலையைப் பற்றி வாயே திறக்காத காலம் அது. விலையைப் பற்றிய அந்த ஒரு கட்டுரையால் வந்த வியாபாரத்தைப் பற்றி அவர் இன்றைக்கும் மேடைகளில் பேசுகிறார்.

மாமா யோசித்துவிட்டு, “சரி மாப்ள, கணக்கைப் போட்டே காட்டிடலாம்” என்றார். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதுவே 325. ஆட்டுக்கூலி, கரண்ட், பாட்டில் எல்லாம் சேர்த்து 35 என்றால் 360. புண்ணாக்கு விற்று 60 ரூபாய் திரும்பி வந்தால் 300 ரூபாயில் வந்து நிற்கிறது. இதற்குமேல்தான் கடை வாடகை, எங்கள் லாபம் எல்லாம். இப்படி நோட்டில் போட்ட கணக்கைப் படம் பிடித்து அப்படியே போட்டோம். யாரும் கடையை விட்டுப் போகவில்லை. விலை ஏறும் மாதங்களில், “பருப்பு விலை ஏறிடுச்சுங்களா?” என்று வாடிக்கையாளர்களே கேட்கும் அளவுக்கு அது போய்ச் சேர்ந்தது.

நேரக் கணக்கில் பார்த்தால் நோட்டுக்கு நாளுக்கு ஐந்து நிமிஷம்தான். வேண்டியவர் இருக்கிறாரா என்ற சந்தேகமே இல்லை, கேட்டவர் நேரில் நின்றிருக்கிறார். இதிலும் ஒரு குறை உண்டு. ஏற்கெனவே கடைக்கு வந்தவர்தான் இதில் பேசுகிறார், வராதவர் பேசுவதில்லை. அதற்குத்தான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுக் கேள்விகளைத் தேடல் பெட்டியில் தட்டி, வெளியில் இருப்பவர்கள் அதை எந்த வார்த்தையில் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன்.

செக்கடி

நோட்டுக்கு அப்புறமும் ஒரு இடம் பாக்கி இருந்தது. கேள்வியே வராத விஷயங்கள் இருக்கும் இடம் அது. கேட்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, அதனால் கேட்கவும் மாட்டார். தேடல் பெட்டியிலும் இருக்காது.

எங்கள் செக்கை ஓட்டும் பெரியவர் முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர். ஒரு நாள் காலையில் எள் ஆட்டும்போது அவர் பக்கத்தில் போய் நின்றேன். உலக்கை வாகை மரம், நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து சுற்றுக்குமேல் போகாது. எள் நசுங்கி மாவாகிக்கொண்டிருந்தது, எண்ணெய் இன்னும் பிரியவில்லை. கருப்பட்டியை உடைத்து ஒரு ஓரமாக வைத்திருந்தார், போடாமல் காத்திருந்தார்.

“எப்பப் போடணும்னு எப்படித் தெரியுதுங்கண்ணா?” என்று கேட்டேன்.

“காது குடுத்துக் கேளுங்க தம்பி. இப்ப மொறமொறன்னு கேக்குதா? எண்ணெய் கக்கற பதத்துக்கு வந்தா சத்தம் அமுங்கிப்போகும். அதுக்குச் சித்த முன்னாடி போடோணும்.” அப்படியே கையை விட்டு ஒரு பிடி மாவை எடுத்து அழுத்திக் காட்டினார். விரல் இடுக்கில் பளபளப்பு மட்டும் தெரிந்தது. கருப்பட்டியைப் போட்டார். சிறிது நேரத்தில் நிஜமாகவே சத்தம் மாறியது. குழியின் ஓரத்தில் கருப்பாக எண்ணெய் திரண்டு நின்றது. இன்னொரு பிடி எடுத்து அழுத்தியபோது முழங்கை வரை வழிந்தது.

நான் எழுதியதிலேயே அதிகம் பேர் மற்றவர்களுக்கு அனுப்பிய கட்டுரை அதுதான். எள்ளை எத்தனை வெயில் காயவைக்கிறோம், ஈரம் இருந்தால் செக்கு எப்படி வழுக்கும், ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்து மண்டி இறங்க ஏன் நாலைந்து நாள் விடுகிறோம் என்று அவரிடம் இருந்து இன்னும் ஆறு கட்டுரைக்குக் கிடைத்தது. மற்ற கடைக்காரரால் இதை எடுத்து எழுத முடியாது, எந்தக் கருவியும் கொடுக்காது.

ஆனால் நேரம் பிடிக்கும். அரை நாள் பக்கத்தில் நிற்க வேண்டும். வேலை செய்பவரிடம் ‘உங்க அனுபவத்தைச் சொல்லுங்க’ என்றால் ஒன்றும் வராது, வேலை நடக்கும்போது ‘இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள்’ என்று கேட்டால்தான் வரும். அப்புறம் அவர் சொன்னதை அவர் பெயரில், அவர் சம்மதத்தோடு போட வேண்டும். முப்பது வருஷத்து அறிவை வாங்கிக் கடையின் பெயரில் மட்டும் போட்டுக்கொள்வது சரியில்லை. பெயர் போட்டு வந்த கட்டுரையை அவருடைய மகள் அச்செடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

எதை எடுப்பது?

வாடிக்கையாளர் நேரில் வரும் கடை என்றால் யோசிக்கவே வேண்டாம், நோட்டில் ஆரம்பியுங்கள். தையற்கடை, நர்சரி, மெக்கானிக் ஷெட், மருந்துக்கடை எல்லாம் இதில் சேரும். நர்சரிக்காரர்களுக்கு இன்னும் வசதி, வாடிக்கையாளர் வாடிய இலையைப் போனில் படம் எடுத்துக்கொண்டே வருவார். அவரிடம் கேட்டு அந்தப் படத்தையே போடலாம்.

ஆன்லைனில் மட்டும் விற்பவர்களுக்குக் கல்லா கிடையாது, ஆனால் வாட்ஸ்அப் இருக்கிறது. மூன்று மாத உரையாடலை மேலே தள்ளிக்கொண்டே போய்க் கேள்விக்குறி இருக்கும் இடமெல்லாம் எடுத்து எழுதினால் அதுதான் நோட்டு. போனில் வரும் கேள்விகளை மட்டும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும், அவை எங்கேயும் பதிவாவதில்லை.

கடை திறந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, இன்னும் ஆளே வரவில்லை என்பவர்களுக்கு நோட்டு பயன்படாது. அவர்கள் தேடல் பெட்டியையும் மற்ற கடைகளின் மேப் விமர்சனங்களையும் வைத்து ஆரம்பிக்கலாம். கையால் செய்யும் எந்தத் தொழிலாக இருந்தாலும், தறியோ மண்பாண்டமோ பலகாரமோ, மாதம் ஒரு முறையாவது வேலை நடக்கும் இடத்தில் போய் நிற்க வேண்டும் என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

எங்கள் கணக்கு இப்போது இப்படி ஓடுகிறது: மாதம் நாலு கட்டுரையில் இரண்டு நோட்டில் இருந்து, ஒன்று செக்கடியில் இருந்து, ஒன்று அந்த மாதத்தின் பருவத்தை ஒட்டி. தேடல் கருவிகளுக்கு மாதத்தில் அரை மணி நேரம்.

இந்த வாரம் நோட்டில் ஒரே கேள்வி மூன்று கையெழுத்தில் இருக்கிறது: “ஒருக்கா வடை சுட்ட எண்ணெயை மறுக்கா எத்தனை தடவை காச்சலாமுங்க?” 2018 ஜூலையில் இருந்து, பொரித்த எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உருவாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மறுபடி பயன்படுத்தக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. ஆனால் வீட்டில் அதை யார் அளந்து பார்க்க முடியும்? நிறம், வாசனை, புகை, பிசுபிசுப்பு என்று கண்ணாலும் மூக்காலும் பார்த்துச் சொல்லும் வழி வேண்டும். கல்யாணச் சமையல் செய்யும் மாஸ்டர் ஒருவர் எங்களிடம்தான் எண்ணெய் எடுக்கிறார். வியாழக்கிழமை பெருந்துறையில் அவருக்கு ஒரு கல்யாண வேலை இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு பற்றவைப்பேன், வாங்க தம்பி என்றிருக்கிறார். நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன்.